விண்ணேறிய கல்பனா சாவ்லா

கடல் கடந்து பிழைக்கச் செல்வது நம் மக்களுக்குப் புதிய செய்தி அன்று. 1860ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 12ஆம் நாள் ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் சென்னைக் கரையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக்குப் புறப்பட்டது. இன்று நாம் காணும் துறைமுகச் சுவர்கள் அன்று எழும்பியிருக்கவில்லை. மசூலாப் படகுகளில் அமர்ந்து, அலையோடு போராடித்தான் கரையிலிருந்து கப்பலை அடைய வேண்டும். அவ்வாறு ஏறிய முந்நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற ஒப்பந்தக் கூலிக் குடும்பத்தினர். அவர்களுக்குப் பின்னர்ப் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் சென்றோருள் சாதியால் ஒடுக்கப்பட்ட குடும்பத்தினர் மிகப் பலர். அவர்கள் கொண்டு சென்ற முதல், உடல் உழைப்பு ஒன்றே. தாம் கைந்நாட்டு வைத்த தாளில் எழுதியிருப்பதைப் படித்தறியும் எழுத்தறிவுகூடப் பெரும்பாலோர்க்குக் கிட்டவில்லை.

1913ஆம் ஆண்டில் வேறொரு பயணம் நிகழ்ந்தது. பம்பாயில் பட்டம் பெற்ற இளைஞர் பீமராவ் அம்பேத்கர், பரோடா மன்னர் சாயாஜிராவ் கெயிக்வாட் அளித்த உதவித்தொகையுடன் நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குக் கப்பலேறினார். கூலியாகச் சென்றவனை ஒப்பந்தம் கட்டிப்போட்டது. மாணவராகச் சென்றவரைக் கல்வி விடுவித்தது. அவர் பெற்ற விடுதலை அவரோடு நில்லாமல் கோடிக்கணக்கானோரின் விடுதலைக்கு வித்தாயிற்று.

அயல்நாட்டுக்கு மாணவியாகச் சென்று, அறிவியலறிஞராக வளர்ந்து, விண்வெளி வீராங்கனையாக உயர்ந்து, ‘கொலம்பியா’ என்றே பெயர் கொண்ட விண்வெளி ஓடத்தில் உயிர்நீத்த ஒரு பெண்மணியின் வரலாற்றை, நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலர் வாயிலாக இளைஞர்கட்கு எடுத்துரைக்க விரும்புகிறேன். அவர்தாம் கல்பனா சாவ்லா.

பிறந்த குடும்பம்

கல்பனா நம் வகுப்பில் பிறந்தவர் அல்லர். தீண்டாமையின் கொடுமை அவர் வாசலை மிதிக்கவில்லை. இதை முதலிலேயே கூறிவிடுவது நேர்மை. பிறர் வாழ்வை நம் வாழ்வென்று கூறிப் பெருமை கொள்ள வேண்டிய வறுமை நமக்கில்லை. எனினும் அவர் குடும்பமும் வேரறுந்து வந்த குடும்பமே. 1947ஆம் ஆண்டின் நாட்டுப் பிரிவினையின்போது மேற்குப் பஞ்சாபில் இருந்ததையெல்லாம் விட்டுவிட்டு, அகதிகளாக இந்தியாவுக்கு வந்து, இன்றைய அரியானா மாநிலத்தின் கர்னால் நகரில் குடியேறியவர்கள் அவர்கள். தந்தை பனாரசிலால் சாவ்லா தொடக்கத்தில் சிறு சிறு வாணிகங்கள் செய்து, பின்னர் டயர் செய்யும் தொழிலில் நிலைபெற்றார். தாய் சஞ்சோதி, பெண்மக்களின் படிப்பில் அக்கறை காட்டியவர்.

அவ்வீட்டின் நான்கு மக்களுள் இளையவராக 1962ஆம் ஆண்டு மார்ச்சு 17ஆம் நாள் கல்பனா பிறந்தார். வீட்டில் அவருக்குச் செல்லப்பெயர் மட்டுமே இருந்தது. பள்ளியில் சேர்க்கச் சென்றபோது குழந்தைக்கு என்ன பெயர் என்று தலைமையாசிரியர் வினவ, மனத்தில் மூன்று பெயர்கள் உள்ளன என்று உடன் சென்றவர் கூறினார். எந்தப் பெயர் வேண்டும் என்று குழந்தையிடமே கேட்கப்பட்டது. குழந்தை ‘கல்பனா’ என்றது. கற்பனை என்பது அதன் பொருள். தன் பெயரைத் தானே தேர்ந்துகொண்ட அச்சிறுமி, பின்னாளில் தன் துறையையும் தானே தேர்ந்துகொண்டதில் வியப்பில்லை.

கேட்டுப் பெற்ற கல்வி

கர்னாலில் ஒரு விமானப் பயிற்சிக் கழகம் இருந்தது. மிதிவண்டியில் செல்கையில் தலைக்கு மேல் பறக்கும் சிறு விமானங்களைப் பார்த்த கல்பனா, அதில் ஏற வேண்டும் என்று தந்தையிடம் கேட்டார். தந்தையும் அழைத்துச் சென்றார். 1932இல் கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் விமானம் ஓட்டிய ஜே.ஆர்.டி. டாட்டாவின் வரலாறும் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. அந்த அஞ்சல் வழி முடிவுற்ற இடம் நம் சென்னையே என்பது நாம் அறிய வேண்டிய செய்தி.

பள்ளிப் படிப்பை முடித்துச் சண்டிகரிலுள்ள பஞ்சாப் பொறியியற் கல்லூரிக்குச் சென்றபோது அவர் விமானப் பொறியியலைக் கேட்டார். அத்துறையில் பெண்கள் எவரும் இல்லை. பெண்ணுக்கு இது பொருந்தாது, வேலை கிட்டாது, வேறு பிரிவை எடுத்துக்கொள் என்று ஆசிரியர்களே அறிவுரை கூறினர். அவர்கள் தீயோர் அல்லர், நல்லெண்ணத்துடன்தான் கூறினர். இளைஞர்களே, நம்மைத் தடுப்போர் யாவரும் பகைவர் உருவில் வருவதில்லை. ‘உனக்கு எதற்கு இந்தப் பெரிய ஆசை, ஏதாவதொரு வேலைக்குப் போ’ என்று அன்போடு கூறுவோரும் வருவர். கல்பனா பணிவுடன் கேட்டுக்கொண்டார். ஆனால் தம் விருப்பத்தை மாற்றிக்கொள்ளவில்லை. 1982இல் விமானப் பொறியியலில் பட்டம் பெற்றார்.

அடுத்து அமெரிக்கா செல்ல விரும்பினார். தந்தை தயங்கினார்; பின்னர் இசைந்தார். டெக்சாசு மாநிலத்தின் ஆர்லிங்டன் நகரப் பல்கலைக்கழகத்தில் 1984இல் முதுநிலைப் பட்டமும், கொலராடோ பல்கலைக்கழகத்தில் 1988இல் முனைவர் பட்டமும் பெற்றார். இடையில் 1983இல் விமானப் பயிற்சி ஆசிரியரான ழான் பியர் ஆரிசன் என்பவரை மணந்தார். தாமும் விமானம் ஓட்டப் பயின்று, நிலத்தில் இறங்கும் விமானம், நீரில் இறங்கும் விமானம், இயந்திரமில்லாக் கிளைடர் ஆகியவற்றுக்கு உரிமம் பெற்றார்; பிறர்க்குக் கற்பிக்கும் தகுதியும் பெற்றார்.

இங்கு ஒன்றை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். சண்டிகர்க் கல்லூரி பொதுப் பணத்தில் நடந்த கல்லூரி. டெக்சாசு, கொலராடோ ஆகிய இரண்டும் அரசு சார்ந்த பல்கலைக்கழகங்கள். பின்னர் அவர் பணியாற்றிய நாசாவும் அரசு நிறுவனமே. தனி ஒருவரின் திறமைக்குப் பின்னால் பொதுமக்கள் கட்டிவைத்த படிகள் இருந்தன. படிகளே இல்லாத இடத்தில் ‘ஏறு, ஏறு’ என்று கூவுவது வெற்றுரை.

வலையும் அலையும்

1988இல் கல்பனா கலிபோர்னியாவிலுள்ள நாசாவின் ஏம்சு ஆய்வு மையத்தில் சேர்ந்தார். ஓடுதளமின்றி நின்ற நிலையிலேயே எழும்பவும் இறங்கவும் வல்ல விமானங்கள் உள்ளன. அவை கீழ்நோக்கிப் பீய்ச்சும் சூடான காற்று தரையில் மோதித் திரும்பி மேலெழும். துறைமுகச் சுவரில் மோதிய அலை திரும்பி வந்து படகை அலைக்கழிப்பதை நம் இராயபுரத்து மக்கள் அறிவர். அதுபோல் திரும்பும் காற்று விமானத்தைத் தடுமாறச் செய்யும். அச்சூடான காற்று பொறிக்குள் புகின் பொறியின் ஆற்றலும் குன்றும். அக்காற்றின் ஓட்டத்தைக் கணினியில் கணக்கிட்டு அறிவதே அவர் ஆராய்ச்சி.

காற்று நிறைந்த வெளியைக் கணக்கிட வேண்டுமானால், அதன்மீது ஒரு கற்பனை வலையை விரித்து, ஒவ்வொரு கண்ணிலும் காற்றின் வேகம், அழுத்தம், வெப்பம் ஆகியவற்றைக் கணிக்க வேண்டும். விமானத்தின் வடிவம் சிக்கலானது. ஒரே வலை போதாது. நெருக்கமான கண்ணுள்ள வலைகளையும் அகன்ற கண்ணுள்ள வலைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்துக் கணக்கிடும் முறை ஒன்று உண்டு. எந்த மீனுக்கு எந்த வலை என்றறிந்த காசிமேட்டு மீனவர்க்கு இம்முறையின் உட்கருத்து எளிதில் விளங்கும். 1993இல் அத்தகைய கணிப்பு முறைகளில் ஈடுபட்ட ஒரு நிறுவனத்தில் துணைத்தலைவராகவும் ஆராய்ச்சியாளராகவும் அவர் பணியேற்றார்.

1991இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். விண்வெளிப் பணிக்கு விண்ணப்பித்த ஆயிரக்கணக்கானோரிலிருந்து 1994 டிசம்பரில் தேர்வு செய்யப்பட்டு, 1995 மார்ச்சில் ஊசுடன் நகர்ப் பயிற்சி மையத்தில் சேர்ந்தார்.

முதற் பயணமும் வந்த பழியும்

1997ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் நாள் கொலம்பியா ஓடத்தில் அவர் முதன்முறையாக விண்ணேறினார். 16 நாள்களில் பூமியை 252 முறை வலம்வந்தார். 1984இல் சோவியத்து விண்கலத்தில் சென்ற இராகேசு சர்மாவே விண்வெளி கண்ட முதல் இந்தியர். இந்தியாவில் பிறந்த பெண்களுள் முதலில் சென்றவர் கல்பனா. அன்றைய தலைமை அமைச்சர் ஐ.கே. குசுரால் விண்ணிலிருந்த அவரோடு உரையாடினார். நாடு முழுதும் மகிழ்ந்தது.

ஆனால் அப்பயணத்திலேயே ஒரு சோதனை நேர்ந்தது. சூரியனை ஆராயும் ‘ஸ்பார்ட்டன்’ என்னும் துணைக்கோளை ஓடத்தின் இயந்திரக் கையால் எடுத்து வெளியே விடும் பணி கல்பனாவுடையது. விடப்பட்ட துணைக்கோள் இயங்கவில்லை. மீண்டும் பிடிக்க முயன்றபோது அது சுழலத் தொடங்கியது. பின்னர் வின்சுடன் சுகாட், தக்காவோ தோய் என்னும் இரு வீரர்கள் வெளியே சென்று, தம் கைகளாலேயே அதைப் பற்றி மீட்டனர். பழி கல்பனாவின்மேல் விழுந்தது. செய்தித்தாள்களும் அவ்வாறே எழுதின. ஐந்து திங்கள் விசாரணை நடந்தது. கணினி நிரல் அமைப்பிலும், விண்ணிலுள்ளோர்க்கும் தரையிலுள்ளோர்க்கும் வகுக்கப்பட்டிருந்த செயல்முறைகளிலும் இருந்த குறைகளே காரணம் என்று முடிவாயிற்று. அவர்மீது குற்றமில்லை என்று நாசா அறிவித்தது.

எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் தொழிற்சாலைகளில் உழைக்கும் குடும்பங்கள் இச்செய்தியின் பொருளை உடனே உணரும். இயந்திரம் பழுதுற்றால் கடைசியில் அதைத் தொட்டவன்மேல் பழி போடுவது எளிது. எழுதிய முறையில் பிழையுண்டா, பயிற்சியில் குறையுண்டா என்று மேல்நோக்கிக் கேட்பது அரிது. அங்கு அவ்வாறு கேட்கப்பட்டது. ஆகவே கல்பனா மறுமுறையும் விண்ணேற முடிந்தது.

புகழ் வந்தபின் அவர் தம் பள்ளியை மறக்கவில்லை. 1998 முதல் ஆண்டுதோறும் கர்னால் பள்ளியிலிருந்து மாணவர் இருவர் நாசாவின் கோடைக்காலப் பயிற்சிக்குச் செல்ல வழிசெய்தார். தாம் ஏறிய ஏணியைத் தமக்குப் பின் வருவோர்க்காகத் தாங்கிப் பிடித்த செயல் இது.

இறுதிப் பயணம்

2003ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள் கொலம்பியா ஓடம் தன் 28ஆம் பயணத்தைத் தொடங்கியது. ரிக் அசுபண்டு தலைமையில் எழுவர் சென்றனர். வில்லியம் மெக்கூல், கருப்பின அமெரிக்கரான மைக்கேல் ஆண்டர்சன், மருத்துவர்களான டேவிட் பிரௌன், லாரல் கிளார்க், இசுரேல் நாட்டு இலான் ரமோன் ஆகியோருடன் கல்பனாவும் இருந்தார். இரண்டு பிரிவினராகப் பிரிந்து இரவும் பகலும் மாறி மாறிப் பணியாற்றினர். எரியும் சுடரின் இயல்பு, நீர்த்துளிப் படலத்தால் தீயை அணைத்தல், புற்றுநோய் உயிரணுக்களின் வளர்ச்சி, காற்றில் பரவும் தூசி என ஏறத்தாழ 80 ஆய்வுகள் நடந்தன.

பிப்ரவரி முதல் நாள் ஓடம் திரும்பியது. தரையிறங்க 16 நிமிடங்களே இருந்தன. டெக்சாசு மாநிலத்துக்கு மேலே, ஏறத்தாழ 60 கிலோமீட்டர் உயரத்தில் ஓடம் சிதைந்தது. எழுவரும் மாண்டனர். இருபது ஆண்டுகளுக்கு முன் எந்த மாநிலத்துக்கு மாணவியாக வந்தாரோ, அதே மாநிலத்தின் வானில் கல்பனாவின் வாழ்வு முடிந்தது. அப்போது அவருக்கு வயது 40. இரு பயணங்களிலும் சேர்த்து அவர் விண்ணில் வாழ்ந்தது 31 நாள்களுக்குச் சற்று மிகுதி.

கேளாச் செவி

இந்த விபத்தின் காரணம் நம் இளைஞர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம். ஓடம் எழும்பிய 82 விநாடிகளில், எரிபொருள் தொட்டியின்மேல் பூசப்பட்டிருந்த நுரைக் காப்புப் பொருளில் ஒரு துண்டு பெயர்ந்து இடப்பக்க இறக்கையின் முன்விளிம்பைத் தாக்கியது. அத்துண்டின் எடை ஏறத்தாழ முக்கால் கிலோ. நுரைதானே என்று எண்ணத் தோன்றும். ஆனால் மோதிய வேகம் மணிக்குச் சுமார் 800 கிலோமீட்டர். இறக்கையில் துளை விழுந்தது. திரும்பும்போது கொதிக்கும் காற்று அத்துளை வழியே உட்புகுந்து உள்ளிருந்து உருக்கிவிட்டது.

துண்டு மோதியதை மறுநாளே படச்சுருளில் பொறியாளர்கள் கண்டனர். இறக்கையைப் படமெடுத்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டனர். ஒருமுறை அன்று, வெவ்வேறு வழிகளில் மும்முறை அக்கோரிக்கை எழுந்தது. மேலதிகாரிகள் ஏற்கவில்லை. முன்னரும் நுரை பெயர்ந்ததுண்டு, ஒன்றும் நேரவில்லை என்ற பழக்கமே அவர்கள் கண்ணை மறைத்தது. விண்ணிலிருந்தோர்க்கும் கவலைக்கு இடமில்லை என்றே செய்தி அனுப்பப்பட்டது. கடற்படைத் தளபதி கெமன் தலைமையிலான விசாரணைக் குழு 2003 ஆகத்தில் அளித்த அறிக்கையில், நுரைத் துண்டுக்கு எவ்வளவு பொறுப்புண்டோ அவ்வளவு பொறுப்பு அந்நிறுவனத்தின் நடைமுறைப் பண்பாட்டுக்கும் உண்டு என்று முடிவு கூறியது.

இது முதன்முறையும் அன்று. 1986 சனவரி 28இல் ‘சேலஞ்சர்’ ஓடம் வெடித்தபோதும், கடுங்குளிரில் ஏவ வேண்டாம் என்று முந்தின இரவே பொறியாளர்கள் வாதிட்டிருந்தனர். அதில் மாண்ட எழுவருள் ஒருவர் இயற்பியல் அறிஞர் ரொனால்டு மெக்னேர். தென் கரோலினா மாநிலத்தின் லேக் சிட்டி என்னும் சிற்றூரில் பிறந்த கருப்பினத்தவர். 1959இல், ஒன்பது வயதில், ஊர் நூலகத்தில் நூல்களை இரவல் கேட்டார். கருப்பருக்கு இல்லை என்றனர். சிறுவன் நகர மறுத்தான். காவலர் அழைக்கப்பட்டனர். முடிவில் நூல்களுடனேயே வீடு திரும்பினான். இன்று அந்நூலகக் கட்டடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. இவ்வரலாற்றை நமக்கு எவரும் விளக்கிக் கூற வேண்டியதில்லை.

தமிழில் ‘கேட்டல்’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. வினவுவதும் கேட்டல், செவிமடுப்பதும் கேட்டல். வள்ளுவர் கல்விக்கும் கல்லாமைக்கும் அடுத்துக் கேள்விக்கு ஓர் அதிகாரம் வைத்தார். கல்பனா கேட்டார்; ஆதலால் உயர்ந்தார். அவரைக் காக்க வேண்டியவர்கள் கேட்கவில்லை, ஆதலால் மாண்டார். கீழிருப்பவன் கேட்கக் கூடாது, மேலிருப்பவன் செவிமடுக்க வேண்டியதில்லை என்பதே சாதியின் சட்டம். உலகிலேயே உயர்ந்த அறிவியல் கூடமும் அவ்விதியின் சாயலில் நடந்த அன்று ஏழு உயிர்களை இழந்தது.

நம் கடற்கரையில் அவர் பெயர்

எண்ணூரிலிருந்து வடக்கே பழவேற்காடு ஏரியைக் கடந்தால் ஸ்ரீஹரிகோட்டா. அங்கிருந்து 2002 செப்டம்பர் 12இல் ஏவப்பட்டது, வானிலைக்கென்றே இந்தியா அமைத்த முதல் துணைக்கோள். கல்பனா மறைந்த சில நாள்களில் அதற்குக் ‘கல்பனா-1’ என்று பெயரிடப்பட்டது. 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வங்கக் கடலின் மேகங்களைப் படமெடுத்து, 2017 வரை அது பணியாற்றியது. நம் மீனவர்கள் புயலுக்கு முன் கரை திரும்ப உதவிய கண்களுள் அதுவும் ஒன்று. தமிழ்நாடு அரசும் துணிவுமிக்க பெண்களுக்குக் கல்பனா சாவ்லா விருதை ஏற்படுத்தி, விடுதலை நாளில் வழங்கி வருகிறது.

இளைஞர்களே!

இராக்கெட்டு எழும்புவதை நம் கடற்கரையில் நின்று கண்டு வியக்கிறோம். வியப்போடு நின்றுவிடக் கூடாது. கல்பனா பயின்ற விமானப் பொறியியலைக் கற்பிக்கும் சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரி, கடற்கரை நிலையத்திலிருந்து மின்தொடரில் ஏறினால் குரோம்பேட்டையில் இருக்கிறது. அப்துல் கலாம் பயின்ற கல்லூரி அது. அதன் வாயில் மேனிலை வகுப்பின் கணிதமும் இயற்பியலும். அவ்விரண்டையும் கண்டு அஞ்சி ஒதுங்குவோர்க்கு அவ்வாயில் பத்தாம் வகுப்பிலேயே மூடிவிடுகிறது. அயல்நாட்டு மேற்படிப்புக்கு ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை பட்டியல் வகுப்பு மாணவர்க்கு உண்டு. மாநில அரசும் உதவி வழங்குகிறது. இவற்றைக் கேட்டுப் பெறுவது பிச்சை அன்று; அண்ணல் போராடித் திறந்துவைத்த வழி.

பெற்றோர்க்கும் சங்க உறுப்பினர்க்கும் ஒரு சொல். வகுப்பறையில் பல்லாண்டு நின்றவன் என்ற உரிமையில் கூறுகிறேன். நம் பிள்ளைகள் அறிவுக் குறையால் நிற்பதில்லை; ‘எனக்கு இது புரியவில்லை’ என்று கேட்க அஞ்சி நிற்கிறார்கள். குறிப்பாகப் பெண்பிள்ளைகள். இருபத்தைந்து ஆண்டுகளாக மாலை நேரத்தில் விளக்கேற்றி வைத்த இச்சங்கம், இனி ஒவ்வொரு தெருவிலும் கணிதமும் அறிவியலும் ஐயம் தெளியக் கேட்பதற்கு ஓர் இடத்தை ஏற்படுத்தட்டும். கற்றவர் ஒருவர் அங்கு நாள்தோறும் ஒரு மணி நேரம் அமரட்டும். பிள்ளை கேட்பதை முழுவதும் கேட்டபின் விடை கூறட்டும். விண்ணுக்குச் செல்லும் ஏணியின் முதற்படி, நம் தெருவில் போடப்படும் அந்த ஒரு பலகைதான்.